எதிர்வீட்டுக்குப் போய்ச் சேராத செய்தி: ஓர் ஈராசிரியர் பள்ளியின் நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி வட்டத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் நான் இரண்டாவது ஆசிரியை. தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் 'பெரிய டீச்சர்' என்பார்கள். என்னை வெறும் 'டீச்சர்'. 2023-24 கல்வியாண்டில் ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 26 பிள்ளைகள் படித்தார்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. அதன்படி நாங்கள் இருவர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால், மற்றவர்தான் ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர், எழுத்தர், மணி அடிப்பவர் எல்லாம்.

அந்த ஓராண்டில் எங்கள் பள்ளியின் செய்திகள் ஊருக்குள் எப்படிப் போயின, எங்கே நின்றுபோயின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்ன ஊர், சின்னப் பள்ளி, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இந்தப் பள்ளிக்கு வந்து ஏழு ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயல் வேலை ஆண்டு முழுக்கக் கிடைப்பதில்லை. கார் பருவ நடவு, பிசானப் பருவ நடவு, இரண்டு அறுப்பு என்று சில வாரங்கள் ஊரே வயலில் இருக்கும். மற்ற நாட்களில் பெண்களுக்குப் பீடிதான் சோறு போடுகிறது. காலை ஒன்பது மணிக்குத் தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை நாலைந்து பேர் மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். மாலை மூன்று மணிக்கு மேல் அதைப் பீடிக்கடையில் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வர வேண்டும். ஆண்களில் பாதிப் பேர் வெளியூரில் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் புரோட்டாக் கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் மளிகைக் கடை. ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கும் பொங்கலுக்கும் வருவார்கள்.

மாத்திரை கொடுத்த நாள்

அந்த ஆண்டு வெயில் கடுமையால் தொடக்கப் பள்ளிகள் ஜூன் 14ஆம் தேதிதான் திறந்தன. சீருடை, புத்தகம், நோட்டு வழங்கியது, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது என்று முதல் இரண்டு மாதங்கள் வழக்கம்போல் ஓடின. ஆகஸ்டில், சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்த அதே வாரம், குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாள் வந்தது. அல்பெண்டசோல், 400 மில்லி கிராம், பிள்ளைக்கு ஒன்று, சப்பித் தின்ன வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நாடு முழுக்கக் கொடுப்பதுதான்.

முந்தின நாள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் செய்தி போட்டேன். "நாளை மாணவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படவுள்ளது. பெற்றோர் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." சுற்றறிக்கை நடையிலேயே எழுதியிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்திருக்க வேண்டும். அன்று பிற்பகல் பெரிய டீச்சருக்குக் கூட்டம் இருந்தது. நான் தனியாக இருப்பேன் என்பதால் காலை பத்தரைக்கே கொடுத்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அன்று கடுங்காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தாள். அரைமணி நேரத்தில் தலையைச் சுற்றுகிறது என்றாள். எழுந்து தார்சாவுக்கு, அதாவது முன் தாழ்வாரத்துக்கு, வந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வயிற்றில் புழு அதிகமிருக்கும் பிள்ளைக்கு இந்த மாத்திரையால் குமட்டலும் வயிற்றுவலியும் தலைச்சுற்றலும் வருவது உண்டு, சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். பாயை விரித்துப் படுக்கவைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கப் போனேன். அந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பயந்துபோய், திறந்திருந்த கேட் வழியாக வீட்டுக்கு ஓடிவிட்டான். மாத்திரை தின்ற அக்கா விழுந்துவிட்டாள் என்று அவன் சொன்ன சொல், பத்தே நிமிடத்தில் மாத்திரை தின்ற பிள்ளைகள் எல்லாம் மயங்கிக் கிடக்கின்றன என்று ஆகிவிட்டது.

முப்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். ஒரு ஆச்சியின் கையில் இலை வெட்டும் கத்தரி அப்படியே இருந்தது. இன்னொரு தாயின் சேலையிலிருந்து புகையிலைத் தூள் கொட்டிக்கொண்டே வந்தது. யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. அவரவர் பிள்ளையின் முகத்தைப் பிடித்துப் பார்த்தார்கள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் அந்தச் சேலைக்காரத் தாய் என்னிடம் கேட்டார்: "பூச்சி மாத்திரைதானே டீச்சர்? அதை நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளைக்கு ரெண்டு இட்லி ஊட்டி அனுப்பியிருக்க மாட்டோமா?"

சுகாதாரச் செவிலியர் வந்து பார்த்தார். மதியம் அந்தப் பிள்ளை சத்துணவில் முட்டையோடு சாப்பிட்டாள், மாலையில் ஓடியாடினாள். ஆனால் மறுநாள் ஏழு பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அன்று விடுபட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் மீண்டும் மாத்திரை கொடுக்க வேண்டும். யாரும் வாங்க மாட்டார்கள் என்றே தோன்றியது.

செய்தி எங்கே போனது

சனிக்கிழமை பெரிய டீச்சரும் நானும் தொலைபேசிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 26 பிள்ளைகள், 19 வீடுகள். பதினொரு வீடுகளுக்கு நாங்கள் பதிந்து வைத்திருந்தது அப்பாவின் எண். அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர் ஊரில் இல்லை. தாய்மாரில் பலரிடம் இருந்தது பட்டன் போன். என் செய்தியைத் திருவனந்தபுரத்தில் ஒரு தந்தை புரோட்டாவுக்கு மாவு பிசையும் நேரத்தில் பார்த்திருக்கிறார். திருப்பூரில் ஒருவர் ஷிப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்குப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கு நேர் எதிரே, தெருவைக் கடந்தால் பத்தடியில் இருக்கும் வீட்டுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

போய்ச் சேர்ந்த இடத்திலும் புரியவில்லை. அல்பெண்டசோல் என்றால் யாருக்குத் தெரியும்? ஊரில் அதற்குப் பூச்சி மாத்திரை என்று பெயர். அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் திருவனந்தபுரத்துத் தந்தை அன்றிரவே வீட்டுக்குப் போன் செய்து சொல்லியிருப்பார். இதை நான் இன்றுவரை மனதில் வைத்திருக்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, அங்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்போது எங்கள் குழுவில் 20 உறுப்பினர்கள், அவர்களில் 15 பேர் பெற்றோர். 19 வீடுள்ள பள்ளியில் 15 பெற்றோர் என்றால் ஏறக்குறைய எல்லா வீடும் குழுவுக்குள் இருக்கிறது. இதைவிட நல்ல அமைப்பு கிடைக்காது. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை 3 மணி முதல் 4:30 வரை. பீடிக்கடையில் சரக்குக் கொடுக்கும் நேரமும் அதுதான். போகாவிட்டால் மறுநாளைக்கு இலை இல்லை, இலை இல்லாவிட்டால் கூலி இல்லை. அக்கறையில்லாத பெற்றோர் என்று நாங்கள் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தைப் பார்த்து முடிவு கட்டியிருந்தோம். அது அநியாயம்.

வருகைப் பதிவேட்டையும் புரட்டினோம். அங்கே வேறொன்று தெரிந்தது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் போகிறவர்கள், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்கள், ஊர்க் கொடை, நடவு: ஒவ்வோர் ஆண்டும் இதே நாட்களில் இதே பிள்ளைகள் வருவதில்லை. நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே நாட்களில் தேர்வோ புதுப் பாடமோ வைத்து, வராதவர்களைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறோம். ஊர்ச் செய்தி எங்களுக்கும் வந்து சேரவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

சுவர்

ஊரில் செய்தி எங்கே உலவுகிறது என்று யோசித்தால் மூன்று இடங்கள்தான்: திண்ணை, குழாயடி, பீடிக்கடைக்குப் போகும் பாதை. பள்ளியின் கிழக்குச் சுவர் அந்தப் பாதையைப் பார்த்துத்தான் நிற்கிறது. மூன்று மணிக்கு மேல் ஊரின் பெண்கள் அத்தனை பேரும் அந்தச் சுவரைக் கடந்துதான் போவார்கள், வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதில் ஆறடிக்கு நாலடி கரும்பலகைப் பெயின்ட் அடித்தோம். அடித்துக் கொடுத்தவர் அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாய்மாமா. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

எழுதுவது பிள்ளைகள்தான் என்று பெரிய டீச்சர் முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிட்டார். நான்கு, ஐந்தாம் வகுப்பிலிருந்து நாளுக்கு இருவர், மதியம் இரண்டரை மணிக்கு. இன்று நடந்தது, நாளை நடக்கப்போவது, பள்ளிக்கு வேண்டியது, ஊரில் கேள்விப்பட்டது. வீட்டில் பேசும் சொல்லில் எழுத வேண்டும். எழுத்துப்பிழையை மட்டும் நான் திருத்துவேன். படிக்கத் தெரியாத ஆச்சிமார்களுக்காக, மணி அடித்ததும் எழுதியவர்களே மூன்று திண்ணைகளில் நின்று வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

முதல் நாள் பலகையில் இருந்தது இது: "வியாழக்கிழமை பூச்சி மாத்திரை மறுபடியும் கொடுப்பார்கள். முதலில் சோறு, பிறகு மாத்திரை. சப்பித் தின்ன வேண்டும். வாந்தி வந்தால் பயப்பட வேண்டாம், பூச்சி சாகிறது." கடைசி வாக்கியம் ஐந்தாம் வகுப்புப் பையனுடையது. அதைவிடத் தெளிவாக என்னால் எழுதியிருக்க முடியாது. முதல் முறை விடுபட்டவர்களில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டு, இன்று வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அன்று அந்த வீட்டில் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளையைத் துணைக்கு வைத்திருந்தார்கள். தெருவில் தன் பிள்ளை பெயர் அப்படி நின்றதைப் பார்த்த தாய் அழுதுகொண்டு வந்தார். பெரிய டீச்சர் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து குறை சொல்லும் எந்த வரியிலும் பெயர் வராது என்று வைத்துக்கொண்டோம். பாராட்டும் வரியில் மட்டும் பெயர் வரும்.

எழுதியவை பெரும்பாலும் சின்னச் செய்திகள்தான். "நாளை பல் டாக்டர் வருகிறார். பல்லைப் பிடுங்க மாட்டார், பார்க்க மட்டும் செய்வார்." "பள்ளித் தோட்டத்துக்கு ஒரு மண்வெட்டி வேண்டும்." மறுநாள் காலை கேட்டில் இரண்டு மண்வெட்டிகள் சாத்தியிருந்தன. "வரும் செவ்வாய் கீழத்தெருவில் கொடை." அதைப் படித்த பெரிய டீச்சர் செவ்வாய்க்கிழமை வைத்திருந்த திறனறித் தேர்வை வியாழனுக்கு மாற்றினார். கொடை முடிந்து வந்த பிள்ளைகள் தூக்கம் தெளிந்து எழுதினார்கள்.

பூச்சி சாகிறது என்று எழுதிய அந்தப் பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். ஐந்தாம் வகுப்பில் இருந்தும் அவன் வாசிப்பில் மொட்டு நிலையைத் தாண்டவில்லை. பெருக்கல் வாய்பாடு கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் பலகைக்குச் செய்தி இல்லை என்று நின்றவன், தன் அம்மா அன்று எத்தனை பீடி சுருட்டினார் என்று எழுதட்டுமா என்று கேட்டான். எழுது என்றேன். "16 கட்டு. 400" என்று எழுதினான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். நாலு கட்டு நூறு, நாலு நூறு நானூறு என்று விரல்கூட மடக்காமல் சொன்னான். 25ஆம் வாய்பாடு முழுவதும் அவன் வாயில் இருந்தது. நான்தான் ஒன்றாம் வாய்பாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம் பெருக்கலையும் வகுத்தலையும் கட்டுக் கணக்கிலேயே நடத்தினேன். பிறகு அவனே விரும்பி வாரம் மூன்று நாள் பலகை எழுதத் தொடங்கினான். திண்ணையில் நின்று உரக்க வாசிக்க வேண்டும் என்பதால் தப்பில்லாமல் வாசிக்கவும் பழகினான்.

காலை உணவு

பூச்சி மாத்திரை மறுபடி கொடுத்த அதே வாரம், ஆகஸ்ட் 25ஆம் தேதி, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கியது எங்கள் ஊருக்கு வந்து சேர ஓராண்டு ஆகியிருந்தது. கடுங்காப்பியோடு ஒரு பிள்ளை வந்து வாந்தி எடுத்த நாளுக்கும் எங்கள் அடுப்பு பற்றவைத்த நாளுக்கும் இடையே பத்து நாள்கூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சமைப்பவர் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினராக, பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர், மாத்திரை நாளில் என்னைக் கேள்வி கேட்ட அதே தாய். விடியற்காலை ஐந்தரைக்கு வந்து அடுப்பு பற்றவைப்பார். அப்போது திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். காலை நேரம் போய்விடுவதால் அவருக்குப் பீடி குறைந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை, ஆனால் கட்டுக் கணக்குத் தெரிந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பள்ளியின் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. இது முக்கியம்.

வெள்ளம்

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழை அது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்த தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணி கரை மீறியது. பெரிய டீச்சரும் நானும் குடியிருப்பது பாளையங்கோட்டையில். சாலைகள் துண்டிக்கப்பட்டுவிட்டன, மின்சாரம் இல்லை, கைப்பேசியில் யாரையும் பிடிக்க முடியவில்லை. ஊருக்கு என்ன ஆனது என்று தெரியாமல் மூன்று இரவுகள் உட்கார்ந்திருந்தோம்.

வியாழக்கிழமை மதியம்தான் என்னால் ஊருக்குப் போக முடிந்தது. கிழக்குச் சுவரில் பலகை கழுவிவிட்டதுபோல் இருந்தது. கேட் திறந்திருந்தது. தார்சா முழுக்கப் பாய்களும் ஈரத்துணிகளும் கிடந்தன. உள்ளே வகுப்பறைக் கரும்பலகை மேலிருந்து கீழ்வரை எழுத்தாக இருந்தது. கட்டுக் கணக்குப் பையனின் கையெழுத்து. எதையும் அழிக்காமல் நாள் வாரியாக எழுதியிருந்தான்:

"ஞாயிறு இரவு. காலைச் சாப்பாட்டு அத்தை பள்ளியைத் திறந்தார்கள். கீழத்தெருவில் எல்லாரும் வந்துவிட்டோம்.

திங்கள். 41 பேர் இருக்கிறோம். உப்புமா. மூன்று வீட்டில் சுவர் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை.

செவ்வாய். பாம்பு வந்தது. தண்ணீர்ப் பாம்பு, அடிக்கவில்லை. ரவை 4 கிலோ இருக்கிறது. ஒரு தாத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. ஒரு அக்காவுக்கு மாதம் எட்டு. குளோரின் வேண்டும்.

புதன். டாக்டர் வந்தார். போர்டைப் படித்தார்."

புதன்கிழமை வந்த மருத்துவக் குழு அந்தப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டே வேலை பார்த்தது என்று தாய்மார்கள் சொன்னார்கள். தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாதம் எட்டு என்று எழுதியிருந்த பெண்ணை அன்றே சேரன்மகாதேவி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். குளோரின் மறுநாள் வந்தது. பள்ளியில் செலவான ரவையும் பருப்பும் எவ்வளவு என்று சமையல்காரத் தாய் ஒரு பீடி லேபிளின் பின்புறம் குறித்து வைத்திருந்தார். இருப்புப் பதிவேட்டில் அதைப் பார்த்துத்தான் எழுதினோம். ஒரு கிலோகூடக் கணக்கு இடிக்கவில்லை.

ஆண்டு முடிந்தபோது

மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் நேரம் மாறவில்லை, பீடிக்கடையின் நேரமும் மாறவில்லை. அதனால் கூட்டத்துக்கு முந்தின நாள் காலை பெரிய டீச்சர் திண்ணைகளுக்கே போய்ப் பேசி, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டு வந்து கூட்டத்தில் வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஊரில் இருப்பவரின் எண்ணை வாங்கிப் பதிவைத் திருத்தினோம். வாட்ஸ்அப் குழுவையும் விடவில்லை. பலகையைப் படம் எடுத்து அதில் போடுகிறோம். வெளியூரில் இருக்கும் தந்தையர்கள் இப்போது பதில் எழுதுகிறார்கள். நடவு நாட்களில் பலகையில் எழுதும் பிள்ளையே வயலில் இருக்கும், அன்று பலகை காலியாகத்தான் நிற்கும். ஒரு குடும்பம் ஆண்டு நடுவில் பிள்ளையை வேன் வரும் பள்ளிக்கு மாற்றிவிட்டது. அந்தத் தாய் இன்னமும் சுவரைப் படித்துவிட்டுத்தான் பீடிக்கடைக்குப் போகிறார்.

கட்டுக் கணக்குப் பையன் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டான். பலகையை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று விடுமுறை முழுக்க எனக்குக் கவலையாக இருந்தது. 2024 ஜூன் 10ஆம் தேதி பள்ளி திறந்தது. மதியம் இரண்டரைக்கு நான் கூப்பிடும் முன்பே, நான்காம் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளை ஒருத்தி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மாத்திரை நாளில் தார்சாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பிள்ளை. ஸ்டூலில் ஏறியும் பலகையின் மேல் விளிம்பு எட்டவில்லை, அதனால் நடுவிலிருந்து எழுதினாள்.

"இன்று பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பில் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும் அழுகிறான். நாளை அழ மாட்டான்."